நாயை நடத்திப் பார்த்தது

கல்யாணம் செய்து கொழும்புத்துறைக்கு வந்து சில வருஷமாகியும் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், நான் யாரோடும் வாய்விட்டுக் கதைத்ததில்லை. கேட்டால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்.

எங்கள் நாய் இருமத் தொடங்கியது. என் வீட்டுக்காரர் அதைப் பனையோலைக் கடகத்தில் இருத்திச் சைக்கிளில் கட்டி மாட்டு டாக்குத்தரிடம் கொண்டுபோனார். நானும் பின்னால் போனேன். டாக்குத்தர் நாயின் நெஞ்சில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார்.

"இருதயத்து வால்வு ஒண்டு சரியாப் பூட்டுப்படேல்லை. ரத்தம் பின்னுக்கு ஒழுகுது."

"சைக்கிள் வால்வு மாதிரியோ? அப்ப புதுசு போடலாம்," என்றார் இவர்.

"நாய்க்கு அது கடையிலை விக்கிறேல்லை."

சத்தத்தை மட்டும் வைத்து நோய் எவ்வளவு முற்றியது என்று சொல்ல முடியாதாம். காலையில் மெல்ல நடத்தி, எங்கே களைத்து நிற்கிறது, நித்திரையில் மூச்சு வாங்குகிறதா என்று பார்த்து வந்து சொல்ல வேண்டுமாம். உப்பு மட்டும் வாயில் படக்கூடாதாம்.

இவர் விடியுமுன் கடலுக்குப் போய்விடுவார். ஆகவே நான்தான் நடத்தினேன். பொம்பிளை ஒருத்தி நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போவதை அந்த ஒழுங்கை அதுவரை கண்டதில்லை. சீலைத் தலைப்பால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

முதல் வீட்டு வேலிப் படலையில், கதவடியிலேயே நாய் குந்தியது. அடுத்த படலையிலும் குந்தியது. அதற்கடுத்ததிலும். நாலு வீடு தாண்டமாட்டாத சீவன் இனி எங்கே பிழைக்கப் போகிறது?

டாக்குத்தரிடம் அழுதபடி சொன்னேன்.

"நிக்கேக்கை மூச்சு இளைக்குதோ அம்மா?"

"இல்லை. வாலை ஆட்டிக்கொண்டுதான் குந்தும்."

"களைச்ச நாய் வாலாட்டாது. ஏன் குந்துது எண்டு நிண்டு பாருங்கோ."

அடுத்த நாள் முதல் படலையில் அசையாமல் நின்றேன். அந்த வீட்டுக்காரி வெளியே வந்து நாயைப் பார்த்துச் சிரித்தாள்.

"வந்திட்டாரோ மாப்பிள்ளை? இண்டைக்குப் பிந்திப்போச்சு. என்ன மச்சாள், உவருக்கு வீட்டிலை சோறு குடுக்கிறேல்லையோ?"

அவள் கையில் கருவாட்டுத் தலை. நாயைக் கட்டாமல் விட்ட நாளெல்லாம் முழு ஒழுங்கையும் இப்படித்தான் ஊட்டியிருக்கிறது! கருவாடு என்றால் உப்புத்தானே. அவள் எறியக் கையை ஓங்கினாள்.

"போடாதேங்கோ! உப்பு! செத்துப்போம்!"

என் தொண்டையில் அப்படியொரு குரல் இருந்தது எனக்கே தெரியாது. எல்லாப் படலையும் திறந்தது.

"ஆரடி கத்தினது?"

"இந்தப் பிள்ளையே? வாய் இருக்கடி இவளுக்கு!"

நடுத்தெருவில் நின்று வால்வு, ஒழுக்கு, உப்பு எல்லாம் நானே விளக்க வேண்டியதாயிற்று.

நோய் இன்னும் முற்றவில்லை என்றார் டாக்குத்தர். ஒழுங்கைக்கு அது போதவில்லை. "மாப்பிள்ளை ராத்திரி மூச்சு வாங்கினவரோ?" என்று தினமும் காலையில் படலைக்குப் படலை மறித்துக் கேட்டார்கள். நாய் மட்டும் ஒவ்வொரு படலையிலும் குந்தி, வெறுங்கையோடு வருகிறவளைப் பார்த்துவிட்டு, பிறகு திரும்பி என்னை ஒரு பார்வை பார்க்கும்.