வாசனை ஆகாத அறை

பசுமலைப் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனையின் மாடியில் இருக்கும் ஆராய்ச்சிக்கூடத்துக்கு நான் அட்டெண்டர். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. முன்பு ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். அங்கே பத்து வார்த்தை பேசாமலே பொழுது போய்விடும். அதனால்தான் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

இங்கே வந்த புதிதில் காது கூசியது. கருப்பை, மாதவிலக்கு, சினைப்பை என்று பெண்களும் ஆண்களும் சாதாரணமாகப் பேசிக்கொண்டு நடப்பார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு மாப்பு போடுவேன். கூடத்தை நடத்தும் மேடம் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். என்னைவிட வயதில் சிறியவர். என் கூச்சத்தைக் கவனித்துவிட்டு ஒருநாள் கூப்பிட்டார்.

"அண்ணே, இங்க என்ன நடக்குதுன்னு தெரியாம எம்புட்டு நாளைக்குத் தரையவே பாப்பீங்க? உக்காருங்க."

உட்காரவில்லை. மேடம் சொன்னதை நின்றுகொண்டே கேட்டேன்.

"கீழ கொழந்தை வேணும்னு சிகிச்சைக்கு வர்ற பொண்ணுங்களுக்கு ஊசி போட்டுக் கருமுட்டைய வளர்த்து எடுக்குறாங்கல்ல? அதுல சிலது காயா இருக்கும். ஒதவாதுன்னு போட்டுருவாங்க. அந்தப் பொண்ணுங்ககிட்ட சம்மதம் கேட்டு, அந்தக் காய நான் வாங்கிக்கிறேன். ஒடம்புக்கு வெளிய வச்சுப் பழுக்க வைக்கப் பாக்குறேன். அம்புட்டுத்தான்."

"மாங்காய வைக்கலுக்குள்ள போட்டு வைக்கிற மாதிரியா மேடம்?"

"அதே மாதிரிதான். எந்த வைக்கல் சரியா வரும்னுதான் தெரியல."

இது எதற்கு உதவும் என்றும் சொன்னார். நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கு ஊசி அதிகமாகிவிட்டால் வயிறு வீங்கி ஆபத்தாகிவிடும். புற்றுநோய்க்கு மருந்து எடுக்கப்போகும் பெண்களுக்கோ, ஊசி போட்டுக் காத்திருக்க நேரமே இருக்காது. காயாகவே எடுத்து வெளியே பழுக்க வைக்க முடிந்தால் இவர்கள் எல்லாருக்கும் ஒரு வழி பிறக்கும். அன்று முதல் நான் தரையைப் பார்ப்பது குறைந்தது.

ஆனால் முட்டைகள் பழுக்கவில்லை. உடம்பின் சூட்டிலேயே வைத்திருக்கும் இன்குபேட்டர் என்ற பெட்டிக்குள் அவை ஒவ்வொரு முறையும் கறுத்துச் சுருங்கிப்போயின. மேடம் திரவத்தை மாற்றினார், தட்டை மாற்றினார். கடைசியில் காற்றின்மேல் சந்தேகம் வந்தது. நாம் மோந்து ரசிக்கும் வாசனை எதுவானாலும் காற்றில் கலந்து, அந்தப் பெட்டிக்குள் போய், முட்டைக்கு விஷமாகலாம் என்றார். பினாயில் போனது, ஊதுபத்தி போனது, பவுடர் போனது. நான் வெறும் தண்ணீரில் தரை துடைத்தேன். அதோடு எனக்குக் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலும் போட்டார்கள். வாசனையோடு யாரையும் உள்ளே விடக்கூடாது.

மதுரையில் இது லேசான வேலையா? கீழிருந்து ஏதாவது எடுத்துக்கொண்டு வரும் நர்சுகள் எல்லாரும் தலைநிறையப் பூவோடு வருவார்கள். முதல் நாள் ஒரு நர்சிடம், "பூவ எடுத்துட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"அண்ணே! தாலி கட்டுனவளப் பாத்து என்ன வார்த்தை பேசுறீங்க?" என்றது அந்தப் பெண். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அந்த வார்த்தையை நம் ஊரில் ஒரு சுமங்கலியிடம் சொல்லலாமா? மறுநாள் ஒரு சில்வர் தூக்கில் ஈரத் துணி விரித்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்தேன். "பூவு வாடிரும் தாயி, இதுல குளுகுளுன்னு இருக்கட்டும், திரும்பி வாரப்ப வச்சுக்கங்க" என்றேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். அவர்கள் பூவைக் கழற்றும்போது நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்த ஆண்டு புரட்டாசி பிறந்ததும் மேடத்துக்கு ஒரு செய்தி வந்தது. ஆராய்ச்சிக்கு அனுமதியும் பணமும் கொடுத்த குழு டெல்லியிலிருந்து நேரில் வருகிறது. முட்டைகள் பழுத்ததைக் காட்ட முடியாவிட்டால் கூடத்தை மூடிவிடுவார்கள். மேடம் சென்னையில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இதற்காக இங்கே இருப்பவர். வீட்டில் அவருக்கு இருந்த எதிர்ப்பு எல்லாருக்கும் தெரியும். போனில் அம்மாவிடம், "இந்த ஒரு தடவை பாத்துட்டுச் சொல்றேம்மா" என்று சொல்வது என் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

குழு வருவதற்கு முன், வாசனையை விலக்கிய பிறகு முதல்முறையாகக் கிடைத்த முட்டைகள் ஆயுத பூஜைக்கு முதல் நாள் பெட்டிக்குள் போயின. விஜயதசமி காலையில் எடுத்துப் பார்க்க வேண்டும். இடையில் ஆயுத பூஜை.

அன்று காலை மேடம் கீழே ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். ஊசி போட்ட பெண்ணுக்கு முட்டை எடுக்கும் நேரம் பண்டிகைக்காகக் காத்திருக்காது. நான் மட்டும் ஸ்டூலில். படிக்கட்டில் மணிச் சத்தம் கேட்டது. அடுத்து சாம்பிராணி வாசனை வந்தது.

மருத்துவமனையை நடத்தும் பெரிய டாக்டரின் மனைவியை நாங்கள் எல்லாரும் பெரியம்மா என்போம். ஆயுத பூஜை என்றால் கட்டடத்தில் ஓர் இயந்திரம் விடாமல் சந்தனம் குங்குமம் வைத்து, சாம்பிராணி காட்டி, சூடம் ஏற்றுவது அவர் வழக்கம். கூடம் புதிது என்பதால் எங்கள் அறைக்கு இதுதான் முதல் வருஷம். பட்டுச் சேலை, தலைகொள்ளாத மல்லிகை, கையில் தட்டு. பின்னால் எலக்ட்ரீஷியன் புகையும் சாம்பிராணிக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

என் தோளில் கிடந்த துண்டைப் பக்கத்து வாளியில் முக்கி, கதவடி இடுக்கில் அடைத்துவிட்டுக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன்.

"என்னப்பா, கதவத் தெற. நல்ல நேரம் போகுது."

"பெரியம்மா, இந்த ரூம மட்டும் விட்ருங்க."

"எதுக்கு விடணும்? எக்ஸ்ரே மெஷினுக்குப் பொட்டு வச்சேன். லிஃப்டுக்கு வச்சேன். ஆம்புலன்ஸ் டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன். இம்புட்டு நல்ல காரியம் நடக்குற ரூமுக்குச் சாமி கும்பிடாமப் போகச் சொல்றியா?"

"மேடம் வாசனை ஆகாதுன்னு..."

"சாமிக்கு ஆகுற சாம்பிராணி ஒங்க மெஷினுக்கு ஆகாதோ?"

"அண்ணன் வாயத் தொறந்து பேசிட்டாரு பெரியம்மா. இன்னிக்கு மழை கொட்டப்போகுது" என்றான் எலக்ட்ரீஷியன். "தள்ளுங்கண்ணே, கை சுடுது."

மேடம் சொன்ன விளக்கமெல்லாம் மறந்துபோனது. உள்ளே இருப்பதைப் பற்றி ஒரு பெரிய வீட்டுப் பெண்ணிடம் எந்த வார்த்தையில் சொல்வது? காது மடல் சுட, வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"மசக்கைக்காரி இருக்குற வீட்டுல தாளிக்கக்கூட மாட்டோம்ல பெரியம்மா? அது மாதிரிதான். ஒரு பொண்ணு வயித்துல இருந்து எடுத்த முட்டை உள்ள இருக்கு. பச்ச மண்ணு. வாசம் பட்டாத் தாங்காது. செத்துப்போகும்."

பெரியம்மா என்னையே பார்த்தார். சட்டென்று திரும்பினார்.

"டேய்! சாம்பிராணியக் கீழ கொண்டு போ. நிக்காத, ஓடு!" எலக்ட்ரீஷியன் படியில் தடதடவென்று இறங்கினான். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? எம் மூத்தவன் வயித்துல இருந்தப்ப ரசம் கொதிச்சாப் போதும், கொடலே வெளிய வந்துரும். எம் மாமியா கொல்லைப்பக்கம் அடுப்ப வச்சுச் சமைச்சா."

எனக்கு மூச்சு வந்தது. அவர் போவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"மெஷினுக்கு வைக்க வேண்டிய பொட்ட யாருக்காச்சும் வச்சுத்தான ஆகணும். குனி."

இயந்திரத்துக்கு வரவேண்டிய சந்தனமும் குங்குமமும் என் நெற்றிக்கு வந்தன. அவர் இறங்கியதும், சந்தன வாசனையோடு நானே கதவருகில் நிற்கக்கூடாது என்று ஓடிப்போய் முகம் கழுவிச் சட்டை மாற்றி வந்தேன். வராந்தா ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டேன்.

தியேட்டரிலிருந்து வந்த மேடம் வராந்தாவை மோந்து பார்த்து நின்றுவிட்டார். நடந்ததைச் சொன்னேன். சிரிக்கவில்லை.

"உள்ள கொஞ்சம் போயிருக்குமாண்ணே?"

"துண்ட அடைச்சிருந்தேன் மேடம்."

"காலையில தெரிஞ்சிரும்" என்றார்.

விஜயதசமி அன்று விடுமுறை. எனக்கு வேலை இல்லை. ஆனாலும் போனேன். மேடம் எனக்கு முன்பே வந்து மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தட்டை மாற்றினார். மறுபடி குனிந்தார். அடுத்த தட்டு. திடீரென்று சக்கரம் வைத்த நாற்காலியோடு பின்னால் உருண்டு, கதவைத் திறந்தார்.

"அண்ணே, வாங்க! வந்து பாருங்க!"

"கை கழுவல மேடம்."

"கழுவிட்டு ஓடியாங்க!"

தொப்பி, முகக்கவசமெல்லாம் மாட்டிக்கொண்டு அந்த மைக்ராஸ்கோப்பில் முதல்முறையாகக் குனிந்து பார்த்தேன். வெளிச்சத்துக்கு நடுவில் முழு நிலா மாதிரி ஒன்று. கறுப்பு இல்லை, சுருக்கம் இல்லை. அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு சின்னப் பாசிமணி.

"அந்த மணி வந்துட்டா முட்டை பழுத்துருச்சுன்னு அர்த்தம்ணே. பாதிக்கு மேல வந்துருச்சு!"

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வாசனைதான் காரணம் என்று இப்போதே அடித்துச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். திரவத்தையும் இந்த முறை மாற்றியிருந்தாராம். அடுத்த முறை பாதித் தட்டுகளைப் பழைய திரவத்திலேயே வைத்தார். அவையும் பழுத்தன. அப்படியென்றால் காரணம் வாசனைதான். அதன் பிறகுதான் எல்லாருக்கும் போன் செய்தார்.

குழு வந்தபோது அதில் ஒரு பெரியவர் சட்டையில் சென்ட் அடித்திருந்தார். நான் கையை நீட்டி மறித்தேன். தமிழில்தான் சொன்னேன். மேடம் இங்கிலீஷில் சொல்வதற்குள் அவருக்கே புரிந்து, கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மாற்றுச் சட்டை கேட்டார். மாலையில் அவர்கள் இறங்கிப் போனதும் மேடம் கதவைத் திறந்து, "தொடரச் சொல்லிட்டாங்கண்ணே! இன்னொரு இன்குபேட்டரும் தாராங்க!" என்று மாடியே அதிரக் கத்தினார். கீழிருந்து நர்சுகள் ஓடிவந்தார்கள். அம்மாவுக்குப் போன் போட்டு, ஒரு வார்த்தையும் பேச வராமல் போனை என்னிடம் நீட்டினார். "நல்ல சேதிதாம்மா. ஒங்க மக ஜெயிச்சுட்டாக" என்று நான் சொன்னேன்.

தை பிறந்ததும் புதுப் பெட்டி வந்தது. லிஃப்டுக்குள் நுழையவில்லை. சுமை தூக்கும் ஆட்கள் படிவழியே ஏற்றினார்கள்.

"இதுக்குள்ள என்னண்ணே வைப்பீக?" என்று ஒருவர் மூச்சிரைக்கக் கேட்டார்.

"பொண்ணுக வயித்துல வெளையுற கருமுட்டைண்ணே. காயா எடுத்து இதுல பழுக்க வைக்கிறோம்" என்றேன், படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி. "சொவத்துல இடிச்சிராம, பாத்துத் தூக்குங்க!"