ஊசிக்குக் கண் கொடுத்தவர்

சபையில் எழுந்து நின்று பேச எனக்குத் தைரியம் இல்லை. ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவள். அதனால் எழுதித் தருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் புக்கிட் பெலண்டோக் எஸ்டேட்டில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் அவருடைய இதயம் தாறுமாறாக அடிக்க ஆரம்பித்தது. இரண்டு தடவை மயங்கி விழுந்தார். மருந்து கேட்கவில்லை. தொடை ரத்தக்குழாய் வழியாக ஊசியை இதயம் வரை கொண்டுபோய், உள்சுவரில் துளை போட்டு, கெட்ட இடத்தைச் சுட வேண்டும் என்றார் டாக்டர்.

"தள்ளிக் குத்திட்டா?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான்மா ஊசி முனையில சென்சார். நெஞ்சிலயும் முதுகுலயும் பட்டை ஒட்டுவோம். ஊசி எங்க நிக்குதுன்னு ஸ்கிரீன்ல தெரியும்."

எனக்குத் தூக்கம் போனது. தள்ளிக் குத்தினால் என் பிள்ளைகளுக்கு அப்பா இல்லை. இதுவே நினைப்பு.

சிகிச்சைக்குக் குறித்த நாள் செவ்வாய்க்கிழமை. சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். அவர் குளித்து வந்ததும், பாஸ்டர் ஜெபித்துத் தந்த எண்ணெயை எடுத்தேன். ஒரு சொட்டு போதும் என்றுதான் பாஸ்டர் சொன்னார். பயத்தில் நெஞ்சு, முதுகு எல்லாம் தேய்த்துவிட்டேன்.

"என்னா லா, பொரிக்கப் போறியா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். சட்டையைப் போட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோய் அரை மணி நேரம் இருக்கும். நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் வெளியே வந்தார். "அக்கா, முதுகுல பட்டை நழுவுது. ஸ்கிரீன்ல படம் ஆடுது. வேர்வையான்னு தெரியல. சரியா வரலன்னா இன்னிக்கு செய்ய முடியாது."

எனக்கு வாய் வரவில்லை. என் கையாலேயே கெடுத்துவிட்டேனே. சொன்னால் திட்டுவார்களோ என்ற பயம் வேறு. இயேசப்பா, என் வாயைத் திறந்துவிடும் என்று உள்ளுக்குள் கதறினேன்.

"எண்ணெய் மிஸ்ஸி. நான்தான் தேச்சேன். முதுகு பூரா."

அவர் திட்டவில்லை. "இதச் சொன்னீங்களே, போதும். ஸ்பிரிட் வச்சுத் தொடச்சுக்கிறோம்" என்று உள்ளே ஓடினார்.

பிறகு மூன்று மணி நேரம். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் எனக்கு வேறு ஜெபம் வரவில்லை. ஆண்டவரே, அந்த ஊசிக்குக் கண்ணாக இரும். இது மட்டும்தான்.

டாக்டர் வந்தார். "முதல் தடவையிலேயே சரியான இடத்துல போயிருச்சும்மா. படம் நல்லாத் தெரிஞ்சது."

தரையில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது அவர் லாரி ஓட்டுகிறார். நான் இன்னும் பயந்தவள்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணெய் இப்போது ஒரு சொட்டு, நெற்றியில் மட்டும். மீதியை ஆண்டவர் கையில் விடப் பழகுகிறேன்.

என்னைப் போலப் பயத்தில் எதையாவது செய்துவிட்டு வாய் மூடி உட்கார்ந்திருக்கிறீர்களா? ஆண்டவரிடம் கேளுங்கள். எனக்கு முதலில் கிடைத்த பதில் அந்த ஊசி அல்ல, திறந்த என் வாய்தான்.