மருந்துப் பெட்டியில் மல்லிகை

மருமகள் ஃபிரிட்ஜில் மல்லிகைச் சரம் வைக்கிற நாளில் நான் அதைத் திறப்பதில்லை. குளிர்ந்த பூவின் வாசம் எனக்கு ஆகாது. எண்பதுகளில் ஜவ்வாது மலையில் நான் நர்ஸாக வேலை பார்த்த சின்ன மருத்துவமனையில், மருந்தைக் குளிர வைக்க மண்ணெண்ணெயில் ஓடிய பெட்டிக்குள் அடித்த வாசம் அது.

தட்டம்மைத் தடுப்பூசி அப்போது மலைக்குப் புதிது. ஜமுனாமரத்தூரிலிருந்து இரண்டு மணி நேரம் நடக்க வேண்டிய ஓர் ஊரில், பூசாரி சொன்னால்தான் பிள்ளைகளைக் காட்டுவோம் என்றார்கள். அம்மை என்றால் ஆத்தா வந்து இறங்குவது, அவளை ஊசி போட்டுத் தடுக்கலாமா என்று பூசாரிக்கும் குழப்பம். மூன்று முறை நடந்து போய்ப் பேசினேன். நான்காம் முறை அவர் அம்மன் தலையில் பூ வைத்து உத்தரவு கேட்டார். பூ வலப்பக்கம் விழுந்தது. "ஆத்தாவே சொல்ட்டா நர்சம்மா. வர்ற வெள்ளிக்கெழம போடுங்க. மொதல்ல எம் பொண்ணுக்கு" என்றார். அவளுக்கு ஒரு வயது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் பெட்டியைத் திறந்தால் மல்லிகை மாலைகளும் அபிஷேகப் பாலும் இருந்தன. தடுப்பூசிக் குப்பிகள் ஜன்னலோரம் வெயிலில் கிடந்தன. எங்கள் டாக்டர் மருத்துவமனைப் பக்கத்துக் கோயில் விசேஷத்தை முன்னின்று நடத்துபவர். "நேத்தே எடுத்து வெளில வெச்சிட்டேன் சிஸ்டர். சாமி காரியம், சாமி பாத்துக்கும். இதையே போடுங்க" என்றார். சூடு பட்டால் அந்த மருந்து செத்துவிடும் என்பது எனக்கே தெரியும், அவ்வளவு படித்தவருக்குத் தெரியாதா? "சரிங்க சார்" என்று அதையே கொண்டுபோய்ப் போட்டேன். சொன்ன அந்த வாயை நினைத்தால் இன்றும் அருவருப்பாக இருக்கிறது.

சில மாதங்களில் ஊருக்குள் தட்டம்மை வந்தது. பூசாரியின் மகள் செத்துப்போனாள். நான் போனபோது அவர் கோயில் சாவியைத் தம்பியிடம் கொடுத்திருந்தார். என்னைத் திட்டவில்லை. "ஆத்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பா. நாந்தான் பூவ தப்பா பாத்துட்டேங்க" என்றார். அதன்பின் அந்த ஊரில் யாரும் ஊசிக்குக் கை நீட்டவில்லை. டாக்டரிடம் சொன்னேன். "இந்த ஜனங்களோட மூடநம்பிக்கைய இன்னா பண்றது!" என்று சலித்துக்கொண்டார், நெற்றி நிறைய விபூதியோடு. அவர் முகத்தில் காறித் துப்பத் தோன்றியது. துப்பவில்லை.

மதம் அறிவியலுக்குக் குறுக்கே நின்றது என்று யாராவது பேசினால், கேட்பவர்கள் மனத்தில் எழுவது அந்தப் பூசாரி மாதிரி ஓர் ஆள்தான். அவரோ வழி விட்டவர். வழியை அடைத்த நாங்கள் வெள்ளைக் கோட்டும் வெள்ளைச் சேலையும் உடுத்தியிருந்தோம்.

நேற்றும் மருமகள் கேட்டாள்: "இன்னா அத்தை, பூ வாசம்கூட ஆவலையா ஒங்களுக்கு?" தலைவலி என்றேன். பூ சரியாகத்தான் சொன்னது, மருந்துதான் செத்திருந்தது என்று அந்தப் பூசாரியிடம் சொல்லாத வாய் இது.