சாட்சிக் கையெழுத்து

எங்கள் ஆய்வகத்தில் ஒரு விதி உண்டு. அன்றைக்கு என்ன செய்தோமோ அதை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு, விஷயம் தெரிந்த இன்னொருவர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, ‘படித்தேன், புரிந்துகொண்டேன்’ என்ற வரிக்குக் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பின்னால் காப்புரிமைத் தகராறு வந்தால் கோர்ட்டில் காட்டுவதற்காக. ஊரே கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகும், அமெரிக்காவில், பார்சிப்பனியில் நான் வேலை பார்த்த அந்தச் சின்ன மருந்துக் கம்பெனியில் காகித நோட்டுதான்.

என் சாட்சி அவள். பெரம்பூர்க்காரி, உயிரியல் ஆள். மருந்தாக வாய்ப்புள்ள பொருள்களை நான் தயாரித்துக் கொடுப்பேன். நோய்க்குக் காரணமான புரதத்தை அவை அடக்குகின்றனவா என்று அவள் சோதிப்பாள். முடிவு வரும் திரையைப் பார்ப்பதற்கு முன்னால் சிலுவை போட்டுக்கொள்வாள். எங்கள் வீட்டுக் காரை எடிசன் ஊர் ரயிலடிக்கு என் கணவர் கொண்டுபோய்விடுவதால் எனக்குப் போக வர அவள் கார்தான். மதியம் ஒரே மேஜை. ஒரு கையில் ஸ்பூன், ஒரு கையில் பேனா. என் நோட்டில் அவள், அவள் நோட்டில் நான், சரசரவென்று கையெழுத்து. படித்தோமா? நல்ல கதை! சாப்பிடவே அரை மணி நேரம்தான்.

எழுபத்திரண்டு பொருள்கள் தயாரித்தேன். அத்தனையும் உதவாக்கரை. எழுபத்து மூன்றாவது பொருள், புரதத்தை அப்படியே மடக்கிப் போட்டது. அவள் படியில் இறங்கி ஓடி வந்து ஆய்வகம் என்றும் பாராமல் என்னைக் கட்டிக்கொண்டாள். டைரக்டர் கேக் வாங்கினார். அடுத்தது எலிச் சோதனை; அதற்கு நிறையப் பொருள் வேண்டும். அவ்வளவையும் பழைய முறையில் செய்தால் இடுப்பு ஒடிந்துவிடும் என்று வேறு வழியில், இன்னும் சுத்தமாகச் செய்து கொடுத்தேன்.

அது வேலை செய்யவில்லை. கொஞ்சம்கூட.

“உன் டெஸ்ட் பிளேட்லதான் ஏதோ தப்பு,” என்றேன்.

“மூணுவாட்டி ரிப்பீட் பண்ணிட்டேன்டி. பழசு வேலை செய்யுது, புதுசு செத்துக் கிடக்குது.”

எனக்கு வாய் நீளம். என் கணவரைக் கேட்டால் பக்கம் பக்கமாகச் சொல்வார். “நீ பைப்பெட் பிடிக்கிற லட்சணத்துக்கு முப்பதுவாட்டி பண்ணாலும் இப்படித்தான் வரும்,” என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவள் முகம் சிவந்தது. அன்று மாலை காரில் ஏறியதும் அவள் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

அவள் எதற்குப் பதறினாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. என் கிரீன் கார்டு போன வருடமே கையில் வந்துவிட்டது. அவளுக்காகக் கம்பெனி போட்ட கிரீன் கார்டு மனு இன்னும் அப்ரூவ் ஆகவில்லை. மூன்று வாரத்தில் வந்துவிடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். வந்து, கொஞ்ச காலம் தாக்குப்பிடித்துவிட்டால் வரிசையில் அவள் இடம் அவளுக்கு. அதற்குள் வேலை போனால் மனுவும் போச்சு. அத்தனை வருடம் காத்திருந்தது பாழ். எழுபத்து மூன்றை நம்பித்தான் அவள் குழுவே ஓடிக்கொண்டிருந்தது. கெமிஸ்டை வேறு வேலையில் போட்டுக்கொள்வார்கள். உயிரியல்காரர்களை யார் சீண்டுவார்கள்?

மறுநாள் என் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். நானே எழுதியதை நானே முதல்முறையாக ஒழுங்காகப் படித்தேன். பழைய முறையில் கடைசிக் கட்டத்தில் துத்தநாகத் தூள் போட வேண்டும். முடிந்ததும் பொருளை மூன்று முறை கழுவி அந்த உலோகத்தை வெளியேற்ற வேண்டும். நோட்டில் என் கையெழுத்தில் பளிச்சென்று இருந்தது: ஒருமுறை கழுவப்பட்டது.

அந்த நாள் ஞாபகம் வந்தது. பார்க்கிங்கிலிருந்து அவள் போன் செய்தாள். “சீக்கிரம் இறங்கி வாடி, ஆறு மணிக்கு டே கேர் மூடிடும்.” என் மகளை அங்கிருந்து கூட்டிவர வேண்டும். ஒரு கழுவலோடு நிறுத்தி, பாட்டிலை மூடி வைத்துவிட்டு ஓடினேன். எங்கள் வழக்கமான பரிசோதனைகளில் உலோகம் கண்ணில் படாது. ரசம் பிரமாதம் என்று எல்லோரும் புகழ்ந்த பிறகு, அந்த ருசி கழுவாத கரண்டியில் ஒட்டியிருந்த ஊறுகாயுடையது என்று தெரிந்தால் எப்படி இருக்கும்?

இரண்டு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மூன்றே வாரம், வாயை மூடிக்கொண்டிரு என்று ஒரு மனது. வெள்ளிக்கிழமை கம்பெனிக் கமிட்டி கூடி, எழுபத்து மூன்றுக்காக இன்னொரு ப்ராஜெக்டை மூடப் போகிறார்கள், அதிலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று இன்னொரு மனது. வியாழக்கிழமை காலை ஃப்ரீவேயில் போகும்போது தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

அவள் அடுத்த எக்ஸிட்டில் இறங்கி ஒரு டோனட் கடை வாசலில் காரை நிறுத்தினாள்.

“ஒருவாட்டிதான் கழுவினியா?”

“ஆமா.”

“அந்தப் பக்கத்துல நான்தானே சாட்சி சைன் பண்ணேன்?”

“நீதான்.”

சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

“அப்ரூவல் வர்ற வரைக்கும் பொறுக்கலாமேன்னு உனக்குத் தோணலையா?”

“தோணுச்சு. ரெண்டு நாளா அதேதான் யோசிச்சேன். நீயே முடிவு பண்ணு. வேணாம்னு சொன்னா நான் வாயே திறக்க மாட்டேன்.”

இதைச் சொன்னதற்காக இன்றைக்கும் எனக்கு என் மேல் எரிச்சல் வருகிறது. பெரிய நியாயஸ்தி மாதிரி அப்போது நினைத்துக்கொண்டேன். தப்பு செய்தது நான். சுமையை அவள் தலையில் கட்டிவிட்டேன்.

அவள் கியரைப் போட்டாள். “போனதும் பழைய பாட்டிலை எடுத்துக் கொடு. இன்னைக்கே ரன் பண்ணிடறேன்.”

அன்று பிற்பகல் மூன்று வரிசை ஓட்டினாள். ஒன்றில் பழைய பொருள். ஒன்றில் அதே பொருளோடு உலோகத்தைப் பிடித்து வைக்கும் மருந்து. மூன்றாவதில் வெறும் துத்தநாக உப்பு. நான் பின்னால் நின்றேன். திரையைப் பார்ப்பதற்கு முன் அவள் சிலுவை போட்டுக்கொள்ளவில்லை. உலோகத்தைப் பிடித்து வைத்த வரிசையில் எழுபத்து மூன்று செத்துப் போனது. வெறும் துத்தநாகம் புரதத்தை மடக்கிப் போட்டது. எண்களை ஒவ்வொன்றாக எனக்குப் படித்துக் காட்டினாள். குரல் பிசகவில்லை.

“டைரக்டர்கிட்ட நான் போய்ச் சொல்றேன்,” என்றேன்.

“என் டேட்டா. நான்தான் சொல்லுவேன்.”

இரண்டு பேரும் போனோம். கழுவாமல் விட்டது நான் என்று சொன்னேன். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆராய்ச்சியில் இதெல்லாம் சகஜம், எலிக்குப் போவதற்கு முன் கண்டுபிடித்தீர்களே என்று நன்றி வேறு சொன்னார். எனக்கு ஒரு திட்டுகூட விழவில்லை.

பன்னிரண்டாம் நாள் உயிரியல் குழுவை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். அவள் மனுவையும் கம்பெனி திரும்பப் பெற்றுக்கொண்டது. விசா விதிப்படி அறுபது நாளுக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லாவிட்டால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். பிறகு ஹூஸ்டனில் ஒன்று கிடைத்தது. கிரீன் கார்டு வரிசையில் மட்டும் கடைசியில் போய் நின்றாள்.

அந்தக் கடைசி நாள் பதினோரு மணிக்கு அவள் மேஜையருகே எச்.ஆர். பெண் அட்டைப்பெட்டியோடு நின்றாள். நோட்டை ஒப்படைத்தால்தான் போகலாம். ஒரே ஒரு பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து இல்லை. துத்தநாகப் பக்கம். அவள் அதை என் பக்கம் தள்ளினாள்.

“சைன் பண்ணுடி, அவங்க வெயிட் பண்றாங்க.”

“இரு. படிக்கணும்.”

வரி வரியாகப் படித்தேன். மூன்று வரிசை, எல்லா எண்களும், ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. பைப்பெட் பிடிக்கத் தெரியாதவள் எழுதிய பக்கம்! கையெழுத்துப் போடும்போது கண்ணீர் மறைத்தது. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை; மற்றதற்கெல்லாம் நீளும் வாய். அதற்குள் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட்டுக்குப் போய்விட்டாள்.

ஐந்தரைக்கு டாக்சி கூப்பிடலாம் என்று போனை நோண்டிக்கொண்டு கீழே இறங்கினேன். வாசலில் அவள் கார் நின்றிருந்தது. பின்சீட்டில் அந்த அட்டைப்பெட்டி. அவள் கண்கள் வீங்கியிருந்தன. வீட்டுக்குப் போயும் பெட்டியைக்கூட இறக்காமல் எனக்காகத் திரும்பி வந்திருக்கிறாள்.

“என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?” என்றாள். “ஏறு. ஆறு மணிக்கு டே கேர் மூடிடும்.”