படிக்காமல் போட்ட கையெழுத்து

அந்தத் தாளில் நாலைந்து வரிகள் இருந்தன. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை ஏட்டு பேனா மூடியால் தட்டிக் காட்டினார். வரிகளில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் படிக்கவே இல்லை.

அப்போது செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குப் பக்கத்து விடுதியொன்றில் வரவேற்பு மேசையில் இருந்தேன். அறைகளைச் சுத்தம் செய்தவர் அடி அண்ணாமலையிலிருந்து வரும் ஓர் அக்கா. எட்டு அறைகளையும் துடைத்து, விரிப்புகளை மாடியில் காயப்போட்ட பிறகுதான் டீ குடிப்பார். ஒருநாள், தங்கியிருந்த வெளிநாட்டுக்காரரின் கேமரா காணாமல் போனது. விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று அக்காவிடம் முதலாளி சொல்லிவிட்டார். மறுநாள் காலை என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்த பிறகுதான் உள்ளே கூப்பிட்டார்கள்.

"ரூம் சாவி யார்கிட்ட இருக்கும்?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

என் மேசையிலும் ஒன்று இருந்தது. ஆனால், "க்ளீன் பண்ற அக்காகிட்ட இருக்கும் சார்" என்று மட்டும் சொன்னேன். கையெழுத்துப் போட்டேன். அக்காவை நானே போய் அழைத்துவர வேண்டும் என்று அனுப்பினார்கள்.

அக்கா வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "வரமாட்டேன் தம்பி" என்றார். "பொம்பளைங்கள விசாரிக்கணும்னா அவங்க வீட்டுக்குத்தான் வரணும், ஸ்டேஷனுக்குக் கூப்பிடக் கூடாதுன்னு எங்க மகளிர் குழு மீட்டிங்ல வக்கீலம்மா சொன்னாங்க. நான் இங்கதான் இருக்கேன்னு போய்ச் சொல்லு."

"இப்படிப் பேசினா பிரச்சனை ஜாஸ்தியாயிடும்கா, வந்துடுங்க" என்று கெஞ்சினேன். அவர் மேல் எனக்கு ஆத்திரம்கூட வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகத் திரும்பினேன்.

பிற்பகலில் சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண் காவலரோடு வந்தார்; வழிகாட்ட என்னையும் கூட்டிவந்தார். தெருவே கூடிவிட்டது. தெரிந்ததற்குப் பதில் சொன்னார் அக்கா. தெரியாததைத் தெரியாது என்றார். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். சாவி தன்னிடம் மட்டுமே இருந்தது என்று ஒரு வரி வந்ததும் நிறுத்தினார்.

"மட்டும்னு நான் சொல்லலீங்க. தம்பிகிட்டயும் ஒண்ணு இருக்கு. அத மாத்தி எழுதுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வரியை மாற்றினார்கள். கையெழுத்துக் கேட்டபோது, போலீஸ் எழுதும் வாக்குமூலத்துக்கு அது தேவையில்லை என்று வக்கீலம்மா சொல்லிக் கொடுத்திருப்பதாக அக்கா சொன்னார். சப்-இன்ஸ்பெக்டர் கையெழுத்தில்லாத தாளை மடித்துக்கொண்டு கிளம்பினார்.

மூன்றாம் நாள் கேமரா கிடைத்தது. நண்பரின் அறையில் அதை மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார் வெளிநாட்டுக்காரர். முதலாளி திரும்பக் கூப்பிட்டும் அக்கா வேலைக்கு வரவில்லை.

இப்போது பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் இட்லிக்கடை போடுகிறார். பார்த்தால் என் பிள்ளைகளை விசாரிப்பார். அந்த நாளைப் பற்றிப் பேசியதே இல்லை. அவருக்குச் சட்டம் தெரிந்திருந்தது, அதனால் பயமில்லை; எனக்குத் தெரியவில்லை, அதனால் பயந்தேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிவந்தேன். ஆனாலும் அந்த நாள் ஒருபோதும் என்னைச் சும்மா இருக்க விட்டதில்லை. போன பௌர்ணமியன்று சாயங்காலம், கூட்டம் சேரும் முன், ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு பயந்துட்டேன்கா."

தட்டில் இட்லி வைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு மட்டும் பயமில்லையா? நீ வண்டிய எடுத்துக்கினு போனதும் ரெண்டு தடவ வாந்தி எடுத்தேன் தம்பி" என்றார். பிறகு, சட்னி போதுமா என்று கேட்டார்.