செண்பகம் காவல் காத்த சேறு

வெள்ளம் வடிந்து ஒன்பதாம் நாள் சாயங்காலம் நடந்த பேச்சு அது. இசைவாணிக்கு இன்றைக்கும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. விழுப்புரத்தில் ஜெராக்ஸ் கடை வேலையை முடித்துவிட்டு, திருவெண்ணெய்நல்லூர் பஸ்ஸிலிருந்து இறங்கி, காலனித் தெருவில் நடந்து வந்துகொண்டிருந்தாள். தெருக்கோடியில், வாய்க்காலை ஒட்டிய கடைசி வீட்டு வாசலில் செண்பகம் நின்றிருந்தாள். இடுப்பில் குடம். உள்ளே முழங்கால் உயரத்துக்குக் கிடந்த சேற்றின்மேல் தண்ணீரை அள்ளி அள்ளித் தெளித்துக்கொண்டிருந்தாள். நாற்றங்காலுக்குத் தெளிப்பதுபோல ஒரு மூலை விடாமல்.

இசைவாணி யாரிடமும் தானாகப் போய்ப் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு நின்றுவிட்டாள்.

"இன்னா அத்தை பண்றீங்க?"

"பாத்தா தெரியல? தண்ணி தெளிக்கிறேன்."

"சேத்துக்கா?"

"காஞ்சிக்கினே போவுது பாப்பா. காஞ்சி வெடிச்சிட்டா, இது பழைய சேறுன்னு எழுதிக்கினு போயிடுவாங்க."

யார் எழுதிக்கொண்டு போவார்கள் என்று இசைவாணி கேட்டாள். விஏஓ என்றாள் செண்பகம். தலையாரி ஆனந்தராஜ் நாலாம் நாளே வந்து சொல்லிவிட்டானாம்: விஏஓ நேரில் வந்து பார்த்து, சேதமான வீடு என்று லிஸ்டில் ஏற்றுகிற வரைக்கும் எதையும் தொடாதே, சுத்தம் பண்ணிவிட்டால் அப்புறம் என்னத்தைக் காட்டுவாய் என்று. நான் வேண்டுமானால் போட்டோ எடுத்து வைக்கட்டுமா என்று இசைவாணி கேட்டாள். அது செல்லாதாம், அவர்கள் போனில் அவர்கள்தான் எடுக்க வேண்டுமாம். தெருவில் மற்ற எல்லாரும் அள்ளிக் கொட்டிவிட்டார்களே என்றதற்கு, அவர்களுக்கெல்லாம் கணுக்கால் சேறு, போனால் போகட்டும் என்று அள்ளிவிட்டார்கள் என்று பதில் வந்தது.

"நான் மூணு தபா அள்ளி ஏமாந்தவ. இந்தத் தபா அள்ள மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, செண்பகம் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு நடந்தாள்.

அந்த மூன்று தடவை என்னவென்று தெருவுக்கே தெரியும். செண்பகம் பிறந்தது திண்டிவனத்துக்குப் பக்கம், பெருமுக்கல்லில். கண்ணையனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. கண்ணையனுக்குக் கரும்பு வெட்டு. இவளுக்கு நடவு, களை, மல்லாட்டைக் கடலை பிடுங்குவது. பதினோரு பெண்களைச் சேர்த்துக்கொண்டு போகிற ஆள்பிடிப்பும் அவள்தான். வரப்பில் அவள் கால் வைத்தாலே மற்ற பெண்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொள்வார்கள். "ஜல்தி ஜல்தி" என்பது அவள் வாயில் மூச்சுபோல வரும். சாப்பிட்ட தட்டு காய அவள் வீட்டில் விட்டதில்லை. உடைந்தது எதுவும் அங்கே மறுநாளைப் பார்த்ததில்லை.

அந்தக் குணம்தான் அவளைக் கெடுத்தது. முன்னே ஒரு புயலில் கூரைமேல் மரக்கிளை விழுந்து ஓரம் பெயர்ந்துபோனது. அன்றைக்கே சிமென்ட் குழைத்துப் பூசிவிட்டாள். ஒரு மாதம் கழித்துப் பார்க்க வந்தவர், வீடு நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்த தடவை ஆட்டுக்கொட்டகை. அதற்கடுத்த தடவை பின்கதவு. ஒவ்வொரு தடவையும் இவள் கை முந்திக்கொண்டது, அவர்கள் கால் பிந்தியது. இடிந்ததை இடிந்தபடி விட்டு வைத்தவர்களுக்கெல்லாம் பழுது பார்க்க ஆர்டர் வந்தது. மாமியார் காலத்தில் அரசாங்கம் கட்டிக் கொடுத்த அந்தத் தொகுப்பு வீடு மட்டும் நாளுக்கு நாள் நைந்துகொண்டே போனது.

அந்தக் கார்த்திகை முடிவில் புயல் கரையைக் கடந்து, அணை திறந்து, பெண்ணையாறு ஊருக்குள் வந்தபோது, பள்ளிக்கூட மாடியில் நின்றுகொண்டு செண்பகம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. சேதமான வீடுகளின் லிஸ்டில் தன் வீடு ஏறாமல் சேற்றில் ஒரு பிடி அள்ளுவதில்லை.

சொல்வது சுலபம். அவளைப் போன்றவளுக்கு அது நோன்பைவிடக் கஷ்டமாக இருந்தது. புருஷனும் அவளும் ஆட்டுக்கொட்டகையில் தார்ப்பாய் கட்டிப் படுத்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சுக்குப் பிறகு சமையல் இசைவாணி வீட்டு அடுப்பில். கோழி மிதித்து, சேறு கலைந்துவிடப்போகிறது என்று வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டினாள். வெயில் ஏறினால் தண்ணீர் தெளித்தாள். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அது வேடிக்கை. எதிர்வீட்டு அம்மணி தினமும் ஒன்று சொல்லாமல் போக மாட்டாள். "நாத்து விட்டாச்சா செம்பகம்? நடவுக்கு எங்களையும் கூப்புடு, சும்மா கெடக்குறோம்" என்பாள். செண்பகம் பதிலுக்கு, உன் வீட்டு அண்டாவை நான் சேற்றிலிருந்து எடுத்துக் கொடுத்தது மறந்துபோச்சா என்பாள். இருவரும் சிரித்துக்கொள்வார்கள். அம்மணி போனபிறகு செண்பகத்தின் முகம் பழையபடி ஆகிவிடும்.

விஏஓ ஆபீஸுக்கு நடையாய் நடந்தாள். முதல் நாள் பூட்டிக் கிடந்தது. இரண்டாம் நாள் அவர் விழுப்புரத்தில் மீட்டிங் என்றார்கள். மூன்றாம் தடவை, ஆற்றோரத்தில் இதைவிட மோசமான ஊருக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அவருக்கு மூன்று ஊர் பொறுப்பு என்று ஆனந்தராஜ் சமாதானம் சொன்னான். "தண்ணிக்கு மட்டும் எங்க வூட்டு அட்ரஸு கரெக்டா தெரிஞ்சிது. இவங்களுக்குத்தான் வழி தெரியல" என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தாள்.

பன்னிரண்டாம் நாள் ஊர்ப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். செண்பகம் முன்வரிசை. மறிக்கப்பட்ட பஸ்ஸுக்குள் இசைவாணி இருந்தாள், இறங்கி வந்து ஓரமாக நின்றுகொண்டாள். ஜீப்பில் வந்த அதிகாரி இரண்டு நாளில் ஆள் அனுப்புவதாகச் சொன்னார். இரண்டு நாளாயிற்று, நாலு நாளாயிற்று. பேஜாரு பிடித்த பிழைப்பு என்று தலையில் அடித்துக்கொண்டு, அன்றைக்கும் குடத்தைத் தூக்கினாள் செண்பகம்.

அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு நாள். முந்தின ஞாயிறன்று இசைவாணி உட்கார்ந்து மனு எழுதினாள். ஊர் பெயரிலிருந்து சேற்றின் உயரம் வரைக்கும் அதில் ஒன்றும் விடவில்லை. திங்கள் காலை இருவரும் முதல் பஸ்ஸில் விழுப்புரம் போனார்கள். ஜங்ஷன் வரைக்கும் பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வரிசை வெளி கேட்டைத் தாண்டி நின்றது. எல்லார் கையிலும் வெள்ளத்து மனுதான். செண்பகத்தின் முறை வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. மனுவை வாங்கியவர் படித்துப் பார்த்தார், நம்பர் போட்டார், ரசீது கொடுத்தார். அவ்வளவுதான். திரும்பி வருகிற பஸ்ஸில் அந்த ரசீதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

தெருவுக்குள் நுழைந்ததும் பினாயில் வாசனை அடித்தது.

கடைசி வீட்டு வாசலில் கயிறு இல்லை. கோலம் இருந்தது. உள்ளே தரை பளபளவென்று ஈரமாக இருந்தது. சுவர் கழுவியிருந்தது. பாத்திரமெல்லாம் தேய்த்துக் கவிழ்த்திருந்தது. நடுவில், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, செண்பகத்தின் தங்கை அன்புச்செல்வி நின்றிருந்தாள். திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை அவளுக்கு. அவள் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்தது. அதை ஒழுங்கு பண்ணி, ஆஸ்பத்திரியில் லீவு கேட்டு வாங்கி, இன்றைக்குத்தான் வர முடிந்திருக்கிறது. வந்தவள், அக்கா வீடு இருக்கிற கோலத்தைப் பார்த்து, மனசு உடைந்துபோய்க் கிடக்கிறாள்போல என்று நினைத்துவிட்டாள். அக்காவுடைய வீட்டில் சேறு பத்தொன்பது நாள் கிடக்குமென்றால் அவளுக்கு வேறெப்படித் தோன்றும்? கண்ணையன் கரும்புக்குப் போயிருந்தான், சொல்ல ஆள் இல்லை. தங்கை மண்வெட்டி கேட்டதும், வேண்டாம் என்று சொல்லவேண்டிய அம்மணி, இத்தனை நாள் பார்த்துப் பார்த்து அவளுக்கே பொறுக்காமல், இன்னும் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு தானும் இறங்கிவிட்டாள்.

செண்பகம் வாசலிலேயே நின்றாள்.

"யாரக் கேட்டுடி அள்ளின?"

"சேத்த அள்றதுக்கு யாரக் கேக்கணும்?" என்றாள் தங்கை. அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"பத்தொம்போது நாளு காத்தேன்டி. ஒரு மத்தியானத்துல வாரிக் கொட்டிட்டியே. என் குடியக் கெடுக்கிறதுக்குன்னே பஸ் ஏறி வந்தியா?"

அதற்குமேல் வந்த வார்த்தைகளை இசைவாணி யாருக்கும் சொன்னதில்லை. அன்புச்செல்வியின் சிரிப்பு போய்விட்டது. கையைக் கழுவி, பையை எடுத்து, போட்டு வைத்திருந்த டீயைக்கூடக் குடிக்காமல் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். செண்பகம் அன்றைக்கும் ஆட்டுக்கொட்டகையில்தான் படுத்தாள். அவ்வளவு சுத்தமான வீட்டுக்குள் கால் வைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு விஏஓ வந்தார்.

மனுவினால் வந்தாரா, முறை வந்ததால் வந்தாரா தெரியவில்லை. ஆனந்தராஜின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தார். பேண்ட்டில் முழங்கால்வரை காய்ந்த சேறு. நாலு நாள் தூங்காத முகம். இசைவாணி பஸ்ஸுக்குக் கிளம்பியவள், வண்டியைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்தாள். விஏஓ வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு ஆனந்தராஜைப் பார்த்தார்.

"ஏம்மா, ஆஸ்பத்திரி மாதிரி வச்சிருக்கீங்க. இதுல நான் இன்னாத்த எழுதறது?"

செண்பகம் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தாள். சண்டைபோடக்கூட அவளிடம் தெம்பு இல்லை. தண்ணி புகுந்த வீடு என்று எழுதிக்கொள்கிறேன், அந்த லிஸ்டில் தெருவே இருக்கிறது, சேத லிஸ்டில் ஏற்ற வழியில்லை என்று சொல்லிக்கொண்டே அவர் செருப்பைத் தேடினார்.

இசைவாணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் செண்பகம் மனசு கேட்காமல் அந்த வீட்டை மறுபடியும் ஒரு தடவை கழுவிவிட்டிருந்தாள். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் கை சும்மா இருக்காது. தரை முழுக்க ஈரம் தேங்கி நின்றது. பின்சுவரை ஒட்டி மட்டும், ஒரு முழ அகலத்துக்கு, சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை.

"சார்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். "சார், அங்க மட்டும் ஏன் சார் தண்ணி நிக்கல?"

விஏஓ திரும்பினார். உள்ளே போய்ப் பின்சுவரோரம் குந்தி உட்கார்ந்து தரையைத் தட்டினார். மற்ற இடத்துச் சத்தம் அங்கே இல்லை, பானையைத் தட்டியதுபோல இருந்தது. செண்பகத்தின் கையிலிருந்த செம்பை வாங்கித் தண்ணீரைச் சுவரோரம் ஊற்றினார். செம்பு காலியானது, தரையில் ஒன்றும் நிற்கவில்லை. மயிரிழை விரிசலில் சலசலவென்று இறங்கி எங்கோ போயிற்று. எல்லாரும் பின்பக்கம் ஓடினார்கள். ஆனந்தராஜ் புதரை விலக்கி, கடைக்காலுக்கு அடியில் ஒரு குச்சியை விட்டான். குச்சி போனது. அவன் கையும் தோள்வரை போனது.

"அடியில மண்ணே இல்ல சார். சுவரு அந்தரத்துல நிக்குது."

வெள்ளம் வாய்க்கால் பக்கமிருந்து அடிமண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தது. உள்ளே கிடந்த சேறு விரிசலை மூடி, ஒன்றும் தெரியாமல் வைத்திருந்தது. அது அப்படியே கிடந்திருந்தால் சேற்றைப் படம் எடுத்து, தண்ணி புகுந்த வீடு என்று எழுதிக்கொண்டு போயிருப்பேன் என்றார் விஏஓ. தினமும் அதில் தண்ணீர் தெளித்த கதையை ஆனந்தராஜ் சொன்னபோது அவர் செண்பகத்தை ஒருமாதிரி பார்த்தார்.

"இன்னும் ஒரு வாரம் தெளிச்சிருந்தீங்கன்னா, நான் படம் எடுக்கிறதுக்குச் சுவரு இருந்திருக்காதும்மா."

உள்ளே இரண்டு படம், வெளியே மூன்று படம் எடுத்தார். பெயர், கார்டு நம்பர், எல்லாம் ஏற்றினார். சேதமான வீடு என்று ஏறியதை இசைவாணி அவர் போனில் எட்டிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான், செண்பகம் வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அம்மணி வந்து என்ன என்ன என்று கேட்டும் அவளால் நிறுத்த முடியவில்லை. அன்றைக்கு இசைவாணி இரண்டு பஸ்ஸை விட்டாள். கடைக்காரர் திட்டினார். அது அவள் காதிலேயே விழவில்லை.

அதற்குப் பிறகும் எதுவும் ஜல்தியில் நடந்துவிடவில்லை. ஓவர்சீயர் தையில் வந்தார். ஆர்டர் மாசியில் வந்தது. அதற்குள் செண்பகம் இன்னும் நாலு தடவை ஆபீஸ் படி ஏறி இறங்கினாள். கண்ணையன் கல்லும் செம்மண்ணும் கொட்டி அடியை முட்டுக்கொடுத்து வைத்தான். இருவரும் முன்பக்கமாகப் படுத்துக்கொண்டார்கள். பங்குனியில் பின்சுவரைப் பிரித்து, ஆழத்திலிருந்து கல் வைத்துக் கட்டி முடித்தார்கள். இப்போது அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் செண்பகம் முறுக்கிய கால்களை நீவிவிட்டுக்கொள்கிறாள்.

ஆனால் அவளை நினைக்கும்போது இசைவாணிக்கு முதலில் ஞாபகம் வருவது, விஏஓ வந்துபோன அன்றைய சாயங்காலம்தான். வேலையிலிருந்து வந்து இன்னும் செருப்புக்கூடக் கழற்றவில்லை, செண்பகம் வந்து வாசலில் நின்றாள். உள்ளே வாங்க அத்தை என்று கூப்பிட்டும் வரவில்லை. கதவு நிலையைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"பாப்பா, உன் போன்லேந்து செல்விக்கு ஒரு போன் போடு. காலையிலேந்து போட்டுக்கினே கீறேன், என் நம்பர பாத்தா எடுக்க மாட்றா. வூடு லிஸ்டுல ஏறிடுச்சின்னு சொல்லு. அவ அள்ளுனதாலதான் ஏறிச்சின்னும் சொல்லு. பொங்கலுக்குப் புள்ளைங்களோட வரச் சொல்லு." திரும்பி இரண்டு எட்டு வைத்துவிட்டு மறுபடியும் வந்தாள். "நான் கூப்டேன்னு சொல்லாத. அவ மாமா கூப்டாருன்னு சொல்லு."