அசன் பாயின் தகர செட்

அசன் முகம்மது ஓர் இடத்தில் உட்கார்ந்து எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. இராஜபாளையத்து மில் ஒன்றில் ஆயுசு முழுக்க மெஷினுக்கு மெஷின் நடந்து நூல் அறுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ரிட்டையர் ஆன பிறகும் கால்கள் நிற்கவில்லை. டீக்கடைக்குப் போவார், பாதி டீயில் எழுந்து வந்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரனான என் கேட்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போவார். நான் கேட்கவே இல்லை.

கர்ப்பமாயிருந்த மகள் சுமையாவுக்கு ஏழாம் மாதம் பிறந்ததும் அந்தக் கால்களுக்கு ஒரு வேலை வந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் ஆக வேண்டும். ஆனால் வத்திராயிருப்பில் அவள் மாமியார் வீடு மாடியும் ஏசியுமாக இருக்கிறது. பாய் வீடோ ஒரு ஹாலும் அடுப்படியும்தான்.

"உங்க வீட்ல எடம் எங்கண்ணே இருக்கு? பிள்ள இங்கனயே இருக்கட்டும்" என்று சம்பந்தியம்மா போனில் சொல்லிவிட்டார். நல்ல மனதோடுதான் சொன்னார். பாய்க்கு அது சுருக்கென்று தைத்தது. வெள்ளிக்கிழமை நேரில் வந்து இடத்தைப் பார்க்கும்படி கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டார். மகளை அழைத்து வர முடியாவிட்டால் நான் என்ன தகப்பன் என்று என்னிடம் புலம்பித் தீர்த்தார்.

கொல்லையில் ஒரு தகர செட் உண்டு. அவர் மனைவி நூர்னிசா அக்கா அதில் பேண்டேஜ் துணி மடிப்பார். கம்பெனியிலிருந்து மூட்டையாக வரும். மடித்து அடுக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். பாயின் மொபெட்டும் அங்கேதான் நிற்கும். இப்போது மகளுக்கும் அதுவே அறை என்று முடிவாயிற்று. என் டிரில் மெஷினை வாங்கிக்கொண்டு போனார். சுவரில் கீல் வைத்து ஒரு பலகை அடித்தார். இறக்கினால் துணி மடிக்கும் மேஜை, தூக்கி மாட்டினால் மொபெட் உள்ளே வரும். நடுவே கம்பி கட்டித் திரை, திரைக்குப் பின்னால் கட்டில். அந்தக் கட்டிலைக் காலையில் ஒரு சுவரோரம் போடுவார், மத்தியானம் இன்னொரு சுவருக்கு இழுப்பார். எனக்குத் தலை வலித்தது.

"செத்த நேரம் சும்மா இருங்களேன். பாக்கிற எனக்கே படபடன்னு வருது" என்பார் அக்கா.

தகரம் வெயிலில் அடுப்பாகக் காய்ந்தது. அங்கேதான் பாய் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினார். மில்லில் நூல் அறாமல் இருக்கக் காற்றில் எப்போதும் ஈரம் ஏற்றி வைப்பார்கள். அதேபோல ஜன்னலிலும் திரைக் கம்பியிலும் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, காயக் காயத் தண்ணீர் தெளித்தார். பஞ்சுக்கு ஒத்துக்கொள்வது பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாதா என்று எனக்கு விளக்கம் வேறு.

நூலுக்கு வேண்டிய ஈரம் பேண்டேஜுக்கு ஆகவே ஆகாது. வியாழக்கிழமை அக்கா மூட்டையைப் பிரித்தால் துணியெல்லாம் கரும்புள்ளி, பூசணம். "காயத்துல வைக்கிற துணிங்க இது!" என்று அக்கா போட்ட சத்தத்தில் நான் சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டேன். பாய் சாக்குகளை அவிழ்த்துப் போட்டார். வாடை போகவில்லை.

வெள்ளிக்கிழமை டிரில்லைத் திருப்பிக் கேட்கப் போனவன், நல்ல நேரம் பார்த்துப் போய் மாட்டிக்கொண்டேன். சுமையாவோடு வந்திருந்த சம்பந்தியம்மா செட் வாசலிலேயே மூக்கைப் பொத்தினார்.

"ஈர வாடை அடிக்கே அண்ணே. பச்சப்பிள்ளைக்குச் சளி கட்டிக்கிடாதா?"

பாய் விறுவிறுவென்று உள்ளே போனார். பலகையை இறக்கிக் காட்டினார், தூக்கி மாட்டினார், மறுபடி இறக்கினார். டிரில்லைத் தராத கோபம் போய் எனக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சுமையாதான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அத்தா, நான் அம்மா பக்கத்துல படுக்கத்தான் வாரேன். எனக்கு ஹாலே போதும்."

சம்பந்தியம்மா மருமகள் முகத்தைப் பார்த்தார். "சரித்தா, ஆசைப்படுதே. இரு" என்றார்.

பாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"அப்ப நான் எங்க படுக்க?"

எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள்.

மறுநாள் மாலை செட்டில் தனியாக நின்றுகொண்டிருந்தார். நினைத்தது நடந்துவிட்டதே, சந்தோஷம்தானே என்று கேட்டேன்.

"சந்தோஷம்தான். உள்ள அம்மாவும் மகளும் சிரிக்கது கேக்குதா?" என்றார். "நான் போனா, இப்ப எதை இழுத்துப் போடப் போறாரோன்னு பயந்து நிறுத்திருதாங்க."